குதிரையின் பின்பக்கத்தில் காது வைத்த சக்கரவர்த்தி

சக்கரவர்த்தி தம் குதிரையின் பின்பக்கத்தில் காதை வைத்துக் கேட்டுவிட்டுத்தான் எந்த முடிவும் எடுப்பார் என்பது இன்று பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். எப்போதோ இந்திய மண்ணில் ஒரு பகுதியை ஆண்டு, சில சண்டைகள் போட்டு, சில ஏரிகள் வெட்டி, வயதாகிக் காலமானவர் அவர். வரலாற்றுப் புத்தகத்தில் அவருக்கு ஒன்றரைப் பக்கம்தான். அந்த ஒன்றரைப் பக்கத்தில் குதிரை என்ற சொல்லே கிடையாது. ஆனாலும் இப்போது அவரை அந்தக் குதிரையிடமிருந்து யாராலும் பிரிக்க முடியாது. சித்திரக்கதையில் அப்படித்தான் வருகிறார். தொலைக்காட்சித் தொடரில் கட்டுமஸ்தான ஒரு நடிகர் நிஜக் குதிரையின் பின்னால் போய்க் காது வைத்து, அது விட்ட உதையில் பத்து நாள் படுத்தார். பிறகு அந்தக் காட்சிகளைக் கணினியில் செய்துகொண்டார்கள். காது கேட்கும் கருவி விற்கிற கம்பெனி ஒன்று, சக்கரவர்த்தி படத்தைக் கடை வாசலில் வைத்திருக்கிறது. பரீட்சையில் கேள்வியே வந்துவிட்டது: 'சக்கரவர்த்தி குதிரையின் பின்புறத்தில் செவிசாய்த்ததன் நோக்கம் யாது? விளக்குக.'

நோக்கம் என்னவென்று அறிந்தவர்கள் உலகத்தில் நாலைந்து பேர்தான். அவர்களில் ஒருவர் வண்டி இருக்கைகளுக்கு உறை தைக்கிற தையல்காரர். அந்தக் குதிரையின் பின்னங்கால்கள் அவருடையவை.

முன்னங்கால்கள் அவருடைய அத்தானுடையவை. அக்காவின் கணவரான அத்தான் பள்ளிப் பேருந்து ஓட்டுபவர். காலையும் மாலையும் முன்னால் உட்கார்ந்துகொண்டு, பின்னால் ஆட்டம் போடுகிற பிள்ளைகளை "உக்காருங்கடா, கம்பியப் புடிங்கடா" என்று கத்தியே பழகியவர். அதனால் நாடகக் குழுவில் சக்கரவர்த்திக்கு ஒரு குதிரை வேண்டும் என்று பேச்சு வந்தபோது, முன்னால் யார், பின்னால் யார் என்ற கேள்வியே எழவில்லை. அத்தான் குதிரைத் தலைக்குள் தம் தலையை விட்டுக்கொண்டார். தையல்காரர் குனிந்து, அத்தானின் இடுப்பில் கட்டியிருந்த தோல் பட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மூங்கில் சட்டம், அதன்மேல் பஞ்சு, அதன்மேல் பழுப்புத் துணி. துணி, அத்தானின் பேருந்து இருக்கைகளுக்குத் தைத்ததில் மிச்சம். "எங்க பஸ்ஸும் குதிரையும் ஒரே ஜாதி" என்று பிள்ளைகள் பெருமையடித்துக்கொள்வார்கள்.

சக்கரவர்த்தியாக நடித்தவர் மருந்துக்கடைக்காரர். ஒடிசலான உடம்பு. இல்லாவிட்டால் அந்தச் சட்டத்தில் யாரை உட்காரவைக்க முடியும்? குரல் மட்டும் உடம்புக்குச் சம்பந்தமில்லாமல் பெரியது. கடவுள் பக்தர். கிரீடத்தைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணை மூடி நிற்பார். பிரார்த்தனை முடிந்தால்தான் கிரீடம் தலைக்கு ஏறும். காது கொஞ்சம் மந்தம். கடையில் யாராவது வந்து கூச்சப்பட்டுக்கொண்டு தங்கள் நோயை முணுமுணுத்தால், கல்லாவைத் தாண்டி முக்கால் உடம்பை வெளியே நீட்டி, காதைக் குவித்துக் கேட்பார். அந்தப் பழக்கம் இந்தியச் சரித்திரத்தையே மாற்றப்போகிறது என்று அப்போது அவருக்குத் தெரியாது.

ஆரம்ப நாட்களில் குதிரைக்குள் ஒரே பேச்சாக இருக்கும். குதிரைக்குள் இருட்டு. பின்னால் இருக்கிறவருக்கு அத்தானின் சட்டை முதுகைத் தவிர ஒன்றும் தெரியாது. "மாப்ள, ஒரு படி. இப்ப இன்னொரு படி." "அத்தான், மெதுவா. வாலு எங்கயோ மாட்டிக்கிச்சு." வெளியே சக்கரவர்த்தி எதிரி மன்னனுக்குச் சவால் விட்டுக்கொண்டிருக்கும்போது உள்ளே வீட்டுக் கதையெல்லாம் ஓடும். அக்கா பெண்ணுக்கு என்ன மார்க், புது மெத்தை வாங்கலாமா வேண்டாமா. தையல்காரருக்கு அந்த இருட்டு பிடித்திருந்தது. முதுகு வலிக்கும்தான். "குதிரைக்கு எங்க வலிக்குது?" என்று கேட்டுக்கொண்டே அவர் மனைவி தைலம் தேய்ப்பாள். ஆனால் சக்கரவர்த்தியின் பாரம் முக்கால்வாசி தம் முதுகில்தான் என்பதில் அவருக்கு ஒரு சின்னப் பெருமை. சொல்லிக்கொண்டதில்லை.

ஒருநாள் பத்திரிகைக்காரர் ஒருவர் வந்து குதிரையைப் பேட்டி எடுத்தார். அப்போது தையல்காரர் கடையில் இருந்தார். மறுநாள் பேப்பரில் அத்தானின் படம். மேலே கொட்டை எழுத்தில்: 'நான்தான் அந்தக் குதிரை!' அது போகட்டும். கீழே ஒரு வரி இருந்தது. குதிரைக்குப் பின்னங்கால் யார் என்று கேட்டதற்கு, "பின்னால சும்மா ஒருத்தன் பிடிச்சிட்டு வருவான்" என்று அத்தான் சொன்னதாக.

சும்மா ஒருத்தன்.

தையல்காரர் அந்தத் தாளை மடித்து, தையல் இயந்திரத்தின் ஆட்டம் நிற்பதற்காக அதன் ஒரு காலுக்கடியில் சொருகினார். அன்றிலிருந்து அத்தானோடு பேச்சு நின்றது. ஒரே தெரு, எதிரெதிர் வீடு. "அவர்கிட்ட சொல்லு", "அவன்கிட்ட சொல்லு" என்று எல்லாப் பேச்சும் அக்கா வழியாகப் போய் வந்தது. அத்தானாவது வந்து ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். ஆனால் அவர், "ஒரு பேச்சுக்குச் சொன்னத இவ்ளோ பெருசாக்கறானே, நான் ஏன் போகணும்?" என்று வீம்பாக இருந்துவிட்டார். கோபத்துக்குக் கூட ஒரு நாள் வயசாகும். வீம்புக்கு வயசே ஆவதில்லை.

ஆனால் குதிரை நின்றால் நாடகம் நின்றுவிடும். அதனால் இரண்டு பேரும் பேசாமலே குதிரைக்குள் போனார்கள்.

பேசாத முதல் நாள் நாடகத்தில் சக்கரவர்த்தி படைகளுக்கு ஆவேசமாகப் பேசிக்கொண்டிருந்தார். படை என்பது மூன்று பேர். அத்தான் உணர்ச்சிவசப்பட்டு இடது பக்கமாக ஒதுங்கிக்கொண்டே போனார். தையல்காரரின் பாதத்துக்கு மேடைப்பலகையின் விளிம்பு தட்டுப்பட்டது. இன்னும் ஒரு அடி வைத்தால் குதிரை, ராஜா எல்லாம் முன்வரிசை மடியில். 'அத்தான்' என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, மேலே தொங்கிய சக்கரவர்த்தியின் காலைச் சுரண்டினார்.

"முன்னால இருக்கிறவர்கிட்ட சொல்லுங்க. இடது பக்கம் மேடை முடியுது."

சக்கரவர்த்திக்குச் சரியாகக் கேட்கவில்லை. மருந்துக்கடையில் செய்கிற மாதிரியே உடம்பை முறுக்கிப் பின்னால் சாய்ந்து, குதிரையின் பின்பக்கத்தில் காதைக் குவித்து வைத்தார். "மறுபடி சொல்லுப்பா." கேட்டுக்கொண்டார். நிமிர்ந்தார். முன்னால் குனிந்து குதிரையின் காதில் ரகசியமாகச் சொன்னார். குதிரை ஒரு கணம் யோசித்தது. பிறகு கம்பீரமாக வலது பக்கம் திரும்பி நடந்தது.

அடுத்த நொடி கைதட்டல் கூரையைப் பிய்த்தது.

மறுநாள் விமர்சனம் வந்தது. 'கடைக்கோடியிலிருந்து வரும் குரலுக்கும் செவிசாய்த்து, அதைத் தலைமைக்கு எடுத்துச் சொன்ன மாமன்னர்!' நாடகத்தை எழுதி நடத்துகிற வாத்தியார் அதை மூன்று முறை படித்தார். முகம் பூரித்துப்போயிற்று. நாடகத்தில் சக்கரவர்த்தி காது வைக்கிற இடங்களை ஒன்றிலிருந்து எட்டாக உயர்த்தினார். அவை ஒவ்வொன்றிலும் தையல்காரர் உள்ளேயிருந்து உண்மையிலேயே ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது. "முன்னால இருக்கிறவர் கால மிதிக்காம நடக்கச் சொல்லுங்க." "பின்னால இருக்கிறவர் மூக்க உறிஞ்சாம வரச் சொல்லுங்க." இது அத்தானின் பதில். இதையெல்லாம் சக்கரவர்த்தி ராஜ முகத்தோடு கேட்டு, ராஜ முகத்தோடு கொண்டுபோய்ச் சேர்த்தார்.

அப்புறம்தான் சித்திரக்கதையும் தொடரும் மற்றதும் வந்தன. ஒரு பேராசிரியர் மட்டும், இதற்கு ஆதாரம் எங்கே என்று தொலைக்காட்சியில் கேட்டார். சக்கரவர்த்தியின் வம்சத்தில் வந்தவன் என்று சொல்லிக்கொண்ட ஒருவர் உடனே எழுந்து, "எங்க வீட்ல எல்லாருமே அப்படித்தான் கேப்போம்" என்றார். பேராசிரியர் உட்கார்ந்துவிட்டார்.

கடைசியில் நாற்சந்தியில் சிலையே வைப்பது என்று முடிவாயிற்று. சிலை திறக்கிற அன்று மாலை, அங்கேயே மேடை போட்டு நாடகம். அந்த வாரமே வெள்ளிக்கிழமை, அக்கா மகள் பாப்பாவுக்குக் கல்யாணம். இருபத்தாறு வயதானாலும் வீட்டில் அவள் பாப்பாதான்.

அக்கா அழைப்பிதழோடு தம்பியின் கடைக்கு வந்தாள். கிழிந்த பேருந்து இருக்கை ஒன்றின்மேலேயே உட்கார்ந்தாள்.

"இந்தா. நீ வரலைன்னா நல்லா இருக்காது, சொல்லிட்டேன்."

"இது அச்சடிச்ச தாள்க்கா. அத்தான் வந்து 'வாடா'ன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். இப்பவே வந்து பந்தல் கட்டறேன்."

"அவர் என்ன சொல்றார் தெரியுமா? 'அவன் என்ன விருந்தாளியா, வாசல்ல நின்னு கூப்பிட? வீட்டு ஆளு, அவனா வரணும்'ங்கிறார்."

"வீட்டு ஆளா? சும்மா ஒருத்தன்தானே நான்?"

"ஆரம்பிச்சிட்டியா!" அக்கா தலையில் கைவைத்தாள். "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல தபால்காரி வேலை பாத்து எனக்கு நரை விழுந்ததுதான் மிச்சம். பாப்பா என்ன சொல்றா தெரியுமா? மாமா வந்து முன்னால நின்னாத்தான் நான் ரூமை விட்டே வெளிய வருவேன்கிறா. அவ அப்பனுக்கு மேல பிடிவாதம். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க முன்னால என் மானம் போகப்போகுது."

அவள் கண் கலங்கியது. தையல்காரர் எழுந்துபோய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவருக்கும் பாப்பாவைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்த நாட்கள் நினைவுக்கு வந்தன. 'ஆண்டவனே, அந்த மனுஷன் வாயிலிருந்து ஒரே ஒரு வார்த்தை வரட்டும். மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டார். கேட்டது கொஞ்சம்தான். ஆனால் அந்தக் கொஞ்சம் கிடைக்காமல் எழுந்துபோக அவரால் முடியவில்லை.

அக்கா போன கையோடு வாத்தியார் வந்தார். வந்தவர், காய்ச்சல்காரனைப் பார்க்க வந்தவர்போலத் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"கோபம் எப்படிப்பா இருக்கு?"

"இருக்குங்க."

"குறையலையே?"

"காலைல கொஞ்சம் குறைஞ்ச மாதிரி இருந்துச்சு. அக்கா வந்துட்டுப் போனாங்கல்ல, அதுல."

வாத்தியார் பதறிப்போனார். "ஐயோ, விடாத, விடாத! அந்தப் பேப்பரை எடுத்து ஒரு தடவை படி. சிலை திறக்கிறவரைக்கும் தாங்கினாப் போதும். நீங்க ராசியாயிட்டா ராஜா எதைக் கேக்கறதுக்குக் காது வைப்பாரு? வெறும் குதிரை மேல வெறும் ராஜாவ யாரு பாப்பா?"

"சும்மா காது வைக்கிற மாதிரி நடிக்கச் சொல்லுங்களேன்."

"சொல்லிப் பாத்தேன். அவருக்கு நடிக்க வரலைப்பா. நீ நிஜமா ஏதாவது சொன்னாத்தான் அந்த முகம் வருது."

வாத்தியார் கெட்டவரில்லை. குழுவில் எத்தனை வீட்டு அடுப்பு இந்த நாடகத்தால் எரிகிறது என்று நினைக்கிறவர். ஆனாலும் இரண்டு மனிதர்கள் சேர்ந்துவிடுவார்களோ என்று பயப்படுகிற நிலைக்கு ஒரு நல்ல மனிதர் வந்துவிட்டாரே என்று தையல்காரருக்குப் பாவமாக இருந்தது. "பாத்துக்கறேங்க" என்று சொல்லி அனுப்பினார்.

சிலையைத் திறந்தார்கள். போர்வை விலகியதும் கூட்டம் 'ஆ' என்றது. பித்தளை பூசிய பெரிய குதிரை. அதன்மேல் சக்கரவர்த்தி இடுப்புவரை பின்னால் திரும்பி, குதிரையின் பின்பக்கத்தில் காதை அழுத்தமாகப் பதித்து, கண்ணை மூடிக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படியொரு கருணை. குழந்தைகளைத் தூக்கிக் காட்டினார்கள். சிலைக் கமிட்டித் தலைவர் பேசும்போது, "நாமும் நம் வீடுகளில் இப்படிக் கேட்கப் பழகவேண்டும்" என்றார். எப்படி என்று விளக்கவில்லை.

பிறகு நாடகம். திறந்த வெளி என்பதால் சக்கரவர்த்தியின் சட்டைக் கழுத்தில் சின்ன ஒலிவாங்கி ஒன்றைப் பொருத்தியிருந்தார்கள். அது எதையெல்லாம் பிடிக்கும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் காதில் விழுந்திருக்காது.

குதிரைக்குள் குனிந்து அத்தானின் இடுப்புப் பட்டையைப் பிடித்தபோதே தையல்காரருக்கு ஏதோ சரியில்லை என்று தோன்றியது. பட்டை தொளதொளவென்று இருந்தது. இத்தனை வருஷம் பிடித்துவந்த இடுப்பு. அதன் சுற்றளவு அவர் கைக்குத் தெரியும். அத்தான் எவ்வளவு மெலிந்துபோய்விட்டார்! கல்யாண அலைச்சலாக இருக்கும். தெருவில் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனதில் இதை அவர் பார்க்கவே இல்லை. முதல் காட்சி முடிவதற்குள் அந்த இடுப்பு இலேசாக நடுங்கத் தொடங்கியது.

தையல்காரர் சக்கரவர்த்தியின் காலைச் சுரண்டினார். சக்கரவர்த்தி காது வைத்தார். கூட்டம் ஆரவாரித்தது.

"முன்னால இருக்கிறவர்கிட்ட கேளுங்க. சாப்பிட்டாரா இல்லையான்னு."

அவர் காது வைக்கும்போது கழுத்திலிருந்த ஒலிவாங்கியும் குதிரையோடு சேர்ந்து ஒட்டியது. குதிரையின் பின்பக்கத்திலிருந்து வந்த கேள்வி எட்டு ஒலிபெருக்கிகளில் நாற்சந்தி முழுக்கக் கேட்டது. ஜனங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். குதிரை பேசுகிறது!

சக்கரவர்த்தி முன்னால் குனிந்தார். "சாப்பிட்டியான்னு கேக்குது."

"அவருக்கு எதுக்காம் அது? வேலையைப் பாக்கச் சொல்லுங்க" என்றது குதிரையின் தலை.

திரைக்குப் பின்னால் வாத்தியார் ஒரு ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"வேலையைப் பாக்கச் சொல்லுது" என்று சக்கரவர்த்தி பின்பக்கத்துக்குத் தெரிவித்தார்.

"இடுப்பெல்லாம் நடுங்குதே, அதையாவது சொல்லச் சொல்லுங்க."

"நடுங்கலைன்னு சொல்லுங்க."

"பட்டை தொளதொளன்னு இருக்கு, பொய் சொல்லவேண்டாம்னு சொல்லுங்க."

சக்கரவர்த்தி முன்னும் பின்னுமாகச் சாய்ந்து சாய்ந்து, கிரீடம் ஒரு பக்கம் சரிந்து, களைத்துப்போனார். முன்வரிசையில் இருந்த கமிட்டித் தலைவர் பக்கத்திலிருந்தவரிடம், "என்ன ஆழமான வசனம்!" என்றார்.

அப்போது அத்தானின் முழங்கால் மடங்கியது. பட்டை தையல்காரரின் கையில் அப்படியே கீழே இழுத்தது. மூங்கில் சட்டம் முன்பக்கம் சரிந்தது. அந்த ஒரு நொடியில் சும்மா ஒருத்தன், பேப்பர், வீம்பு எல்லாம் எங்கே போயின என்று தெரியவில்லை.

"அத்தான்!"

எத்தனையோ வருஷமாக உள்ளே அடைத்து வைத்திருந்த வார்த்தை. ஒலிபெருக்கி அதிர்ந்தது.

"அத்தான், உக்காருங்க. பயப்படாம உக்காருங்க. ராஜாவ நான் தாங்கிக்கறேன்."

குதிரையின் முன்பக்கம் மெல்லத் தரையில் அமர்ந்தது. பின்பக்கம் நின்றது. சட்டத்தின் முழுப் பாரமும் தையல்காரரின் முதுகில் இறங்கியது. எலும்பு ஒவ்வொன்றும் தன் இருப்பைத் தெரிவித்தது. அவர் அசையவில்லை. சறுக்குமரத்தில் இருப்பதுபோல் சாய்ந்துபோன சக்கரவர்த்தி, நிலைமை புரிந்து, வழுக்கிக்கொண்டே இறங்கினார். இறங்கியதும் ராஜா மறைந்து மருந்துக்கடைக்காரர் வந்துவிட்டார். அரையில் எப்போதும் வைத்திருக்கிற குளுக்கோஸ் பொட்டலத்தைப் பிரித்து, குதிரையின் கழுத்து மடிப்பைத் திறந்து, உள்ளே கையை விட்டு, அத்தானின் வாயில் கொட்டினார். அரசகுமாரி வேடம் போட்டவரின் தண்ணீர்ப் புட்டியைப் பிடுங்கிக் குடிக்கக் கொடுத்தார். கழுத்தைத் திறந்து தம் குதிரைக்குக் கையால் ஊட்டிவிடுகிற அரசரைப் பார்த்து ஜனங்கள் கும்பிட்டார்கள். மார்போடு மார்பாக அவர் குதிரையை அணைத்துக்கொண்டிருந்ததால், உள்ளே நடந்த பேச்சு ஒரு எழுத்துத் தவறாமல் ஊருக்குப் போயிற்று.

"மாப்ள." அத்தானின் குரல் ஈனமாக இருந்தது. "தனியாவா தாங்கற?"

"ஆமா அத்தான். நீங்க மூச்சு விடுங்க."

"எப்பவுமே இவ்ளோ பாரமாவா இருக்கும்?"

"இன்னிக்குத்தான் கொஞ்சம் கூட."

அத்தான் இன்னொரு மடக்குத் தண்ணீர் குடித்தார்.

"சும்மா ஒருத்தன் இல்லடா நீ" என்றார் அத்தான். "அந்தப் பேப்பர்க்காரன் போனப்புறமே தெரிஞ்சிடுச்சு. வந்து சொல்ல வாய் வரல."

"விடுங்க அத்தான்."

"வெள்ளிக்கிழமை பாப்பா கல்யாணம். வாடா. வந்து முன்னால நில்லு."

தையல்காரர் இருட்டில் தலையாட்டினார். அத்தானுக்கு அது தெரியாது என்று நினைவு வந்ததும் பட்டையை ஒருமுறை இறுக்கிப் பிடித்தார். "வரேன் அத்தான்."

கூட்டத்தில் முதலில் ஒரு அம்மாள் விசும்பினாள். பிறகு கைதட்டல் ஓயவே இல்லை. வாத்தியார் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே அழுதுகொண்டிருந்தார். நாடகம் போயிற்றே என்றா, குடும்பம் சேர்ந்ததே என்றா என்று அவருக்கே தெரியவில்லை. திரையை இழுக்கச் சொல்லிக் கையை மட்டும் ஆட்டினார்.

மறுநாளே விஷயம் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது: சக்கரவர்த்தியின் குதிரைக்கு ஒரு மகள் உண்டு, அவளுக்கு வெள்ளிக்கிழமை கல்யாணம். தொடரின் கதாசிரியர்கள் ராத்திரியோடு ராத்திரியாக உட்கார்ந்து ஒரு குதிரைக்குட்டியை எழுதிச் சேர்த்தார்கள். மாப்பிள்ளை யார் என்பதில் மட்டும் அவர்களுக்குள் சண்டை. சிலையைத் திறந்த மறுநாளே, குட்டி இல்லாமல் அது பழசாகிவிட்டதே என்று கமிட்டித் தலைவர் தலையைச் சொறிந்தார்.

கல்யாண மண்டபத்தில் அழைக்காதவர்கள் அறுபது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். ஒருவர் பச்சைப் புல்லைக் கட்டாகக் கட்டி, ரிப்பன் சுற்றிக் கொண்டுவந்தார். இன்னொருவர் கூடை நிறையக் கேரட். மாப்பிள்ளையின் அப்பா அத்தானை ஓரமாக அழைத்துப் போனார்.

"சம்பந்தி, தப்பா நினைக்காதீங்க. பொண்ணுக்கு அப்பா பஸ் ஓட்டறார்னுதானே சொன்னாங்க?"

"ஆமாங்க."

"வாசல்ல நிக்கிறவங்க குதிரைங்கறாங்களே?"

"பாதிதாங்க" என்றார் அத்தான். "மீதி என் மச்சான்."

அதைத் தையல்காரர் கேட்டுக்கொண்டிருந்தார். பேப்பரில் கொட்டை எழுத்தில் வந்திருந்தால்கூட இவ்வளவு இனித்திருக்காது.

பாப்பா அறையிலிருந்து வெளியே வந்தாள். முதலில் மாமா எங்கே என்று பார்த்தாள். அவர் முன்வரிசையில் இருந்தார். அதற்குப் பிறகுதான் மாப்பிள்ளையைப் பார்த்தாள். மருந்துக்கடைக்காரர் சாதாரணச் சட்டையில் வந்திருந்தார். சக்கரவர்த்தி வரவில்லையே என்று ஜனங்கள் முகம் வாடியதைப் பார்த்துப் பொறுக்காமல், வீட்டுக்கு ஆள் அனுப்பிக் கிரீடத்தை மட்டும் வரவழைத்துக் கண்ணை மூடி நின்று வைத்துக்கொண்டார். பந்தியில் பரிமாறும்போதுகூட அதைக் கழற்றவில்லை. கடைசி வரிசையில் யார் என்ன கேட்டாலும் குனிந்து காது கொடுத்தார். வாத்தியார் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இதையே நாடகமாகப் போட்டால் என்ன என்று அவர் முகத்தில் ஒரு யோசனை ஓடியது.

படமெடுக்கிறவர் குடும்பத்தை வரிசையாக நிறுத்தினார். தையல்காரர் பழக்கத்தில் அத்தானுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

"டேய், என்ன சொன்னேன்? முன்னால வா."

அத்தான் அவரைப் பிடித்து இழுத்து முன்னால் விட்டுவிட்டு, தாம் பின்னால் போனார். தையல்காரர் அகலமான ஆள். அத்தான் இப்படி எட்டிப் பார்த்தார், அப்படி எட்டிப் பார்த்தார்.

"இங்கேருந்து ஒண்ணுமே தெரியலையேடா."

"தெரியாது அத்தான்" என்றார் தையல்காரர். "நீங்க சொல்லச் சொல்லத்தான் நடப்பேன்."

படம் எடுத்து முடிந்து எல்லோரும் மேடையை விட்டு இறங்கத் தொடங்கினார்கள். தையல்காரரின் இடுப்பில் பின்னாலிருந்து இரண்டு கைகள் வந்து பற்றிக்கொண்டன.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"படி இருக்கு அத்தான்" என்றார். "பாத்து. இப்ப இன்னொண்ணு."